பிரிக்காத பூப்பொட்டலங்கள்

கறிவேப்பிலை ஒரு கொத்து ஒடிக்க வேண்டும் என்றாலும் எங்கள் மதினி மரத்திடம் கேட்டுவிட்டுத்தான் ஒடிப்பார்.

“ரசத்துக்குத்தான் தாயி. ஒரே ஒரு கொத்து எடுத்துக்கிறட்டா?”

கேட்டவுடன் கையை நீட்டிவிட மாட்டார். தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு நிற்பார். மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கி வந்து கிளை அசைந்தால் சரி. அசையவில்லை என்றால், உள்ளே அடுப்பில் ரசம் நுரை கட்டிப் பொங்கி வழிந்தாலும் அவர் அங்கேயே நிற்பார். எங்கள் வீட்டு ரசம் பாதி நாள் கறிவேப்பிலை இல்லாமல்தான் இலைக்கு வந்தது. மரம் மட்டும் ஓட்டு உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் ஏலத்தோட்டத்து வேலையாக மலைக்குப் போனவர், அங்கேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு மதினி தேவாரத்தில் எங்கள் வீட்டோடு இருந்தார். நான் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். கடையில் வந்து நிற்கிற பெண்கள் மதினியைக் கேலி செய்வார்கள்.

“உங்க மதினி மூச்சு விடுறதுக்கும் ஆத்தாகிட்ட உத்தரவு வாங்குவாகளாமே?”

மதினியிடம் சொன்னால் சிரிப்பார். “குடுக்குறவ அவ. ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போகுது?”

பெரிய காரியம் என்றால் பூப் போட்டுப் பார்ப்பார். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியாக வாழை இலைக் கிழிசலில் வைத்து, ஒன்றுபோலவே மடித்து, வாழைநாரால் கட்டி, மாரியம்மன் படத்துக்கு முன்னால் போடுவார். ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அண்ணன் உயிரோடு இருந்தபோது நடந்த என் கல்யாணமே அப்படி வெள்ளை வந்து முடிவானதுதான். வீட்டுக்கு மிக்சி வாங்கலாமா என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார், சிவப்பு வந்தது. அடுத்த வெள்ளியும் சிவப்பு. வெள்ளை வருகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“மதினி, வெள்ளை வர்ற வரைக்கும் கேட்டா அதுக்குப் பேரு உத்தரவா?” என்றேன்.

“பிள்ளை கேக்கக் கேக்கத்தான் கொழுந்தனாரே தாய் மனசு எளகும். ஒரு தடவ இல்லன்னதும் முந்தானைய விட்டுட்டா அது என்ன பிள்ளை?”

மிக்சி வந்த பிறகும் அம்மியில்தான் அரைத்தார். வாங்கத்தான் உத்தரவு கிடைத்தது, ஓட்டக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில், கடையில் கருப்பட்டிச் சிப்பத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உரித்த தேங்காயை யாரோ என் பிடரியில் ஓங்கி உடைத்ததுபோல் ஒரு வலி. அப்படி ஒரு தலைவலியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. “ஆத்தா” என்றது நினைவிருக்கிறது. கருப்பட்டி வாசம் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு உலகம் சுண்ணாம்புச் சுவர்போல வெளுத்துப்போனது.

மூளைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்து உள்ளேயே கசிந்துவிட்டது என்றும், மதுரைக்குக் கொண்டுபோய் ஆப்பரேசன் செய்தார்கள் என்றும் பின்னால் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. நான் ஒரு திராட்சைப் பந்தலுக்குக் கீழே படுத்துக் கிடந்தேன். கம்பம் பக்கம் போனால் பார்த்திருப்பீர்கள், தலைக்கு மேல் பச்சையாய் ஒரு கூரை, அதன் ஓட்டைகளில் வெயில் காசு காசாய் விழும். அப்படி ஒரு பந்தல். முடிவே இல்லை. எங்கோ தண்ணீர் பாய்கிற சத்தம். பந்தலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் விடாமல் வந்துகொண்டே இருக்கும்.

“ஒண்ணு கேக்கட்டா அய்யா?”

“கேளுங்கம்மா.”

என் கட்டிலின் கால்மாட்டில் டாக்டரும் மதினியும் பேசிய பேச்சு அது. என் மனைவி டாக்டர் வாயைத் திறந்தாலே அழுதுவிடுவாள். அதனால் கேட்டுக்கொள்ளும் வேலை மதினிக்கு வந்தது.

“கசிஞ்ச ரத்தம் மத்த குழாய்களயும் சுண்ட வச்சிரும்மா,” என்றார் டாக்டர். “குழாய் சுண்டுனா மூளைக்கு ரத்தம் போகாது. கை கால் விழுந்திரும், பேச்சுப் போயிரும், உசுருக்கே கூட ஆபத்து. இந்த மூணு வாரந்தான் கண்டம். அப்படிச் சுண்டாம இருக்கத்தான் இந்த மாத்திரை. புதுசா வந்திருக்கு. நாலு மணி நேரத்துக்கு ஒருக்க ரெண்டு மாத்திரை. ராத்திரி பகல் பாக்கக் கூடாது. மொத்தம் இருபத்தோரு நாள். இங்க குடுத்தது போக மிச்ச நாளைக்கு வீட்ல குடுக்கணும்.”

“ஒண்ணு கேக்கட்டா அய்யா? தூங்குனா எழுப்பலாமா?”

“எழுப்பணும்.”

“இன்னொண்ணு கேக்கட்டா? நொறுக்கித் தேன்ல கொழச்சுக் குடுக்கலாமா?”

“கூடாது. முழுசாத் தண்ணியோட முழுங்கணும். முழுங்க முடியலன்னா நீங்களா எதுவும் செய்யாதீங்க, எங்களுக்குச் சொல்லுங்க.”

“ஒரு வேளை தப்பிப்போச்சுன்னா, அடுத்ததோட சேத்து…”

“சேத்துக் குடுக்கவே கூடாது. அடுத்த வேளைக்கு உண்டானது மட்டுந்தான்.”

“இவுக முன்னயே ஒரு பிரஷர் மாத்திரை போடுறவுக…”

“அதச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அது இப்ப வேணாம், நான் சொல்லும்போது ஆரம்பிக்கலாம். இதுவே பிரஷரைக் கொறைக்கும். ரெண்டும் சேந்தா ஆளு சாஞ்சிருவாரு. படுத்திருக்கவர் வெடுக்குனு எந்திரிக்கவும் கூடாது.”

“ஒண்ணு கேக்கட்டா…”

“அம்மா, கேக்கட்டான்னு கேக்காமயே கேளுங்கம்மா!”

“அது எப்படிங்கய்யா?” என்றார் மதினி. அந்தக் குரலில் இருந்த திகைப்பு பந்தலைத் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தது. நான் சிரித்தேனாம். ஆப்பரேசனுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகம் அசைந்தது அப்போதுதான் என்று என் மனைவி சொல்வாள்.

வீட்டுக்கு வந்ததும் பந்தல் விட்டுவிடவில்லை. கண்ணை மூடினால் வரும். உத்தரமும் ஓடும் கண்ணுக்குத் தெரியும்போதே கொடி இறங்கும். தலைமாட்டில் டைம்பீஸ் ஓடிக்கொண்டிருக்கும். அது அடிப்பதற்கு முன்பே மதினி ஒரு கையில் செம்பும் ஒரு கையில் மாத்திரையுமாக வந்து நிற்பார்.

“தரட்டுமா கொழுந்தனாரே?”

நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் கேட்பார். நான் ‘ம்’ கொட்டும் வரைக்கும் நிற்பார், கறிவேப்பிலை மரத்தடியில் நிற்பதுபோல. சில சமயம் அந்த ‘ம்’ எனக்குள்ளிருந்து கிளம்பி வர வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும். வந்துவிடும். தலையை மெல்லத் தூக்கிப் பிடிப்பார். மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர். திரும்பவும் பந்தல். பகலா இரவா, இன்றா நேற்றா, எனக்கு எதுவும் தெரியாது. என் காலமெல்லாம் ஒரு ‘தரட்டுமா’வுக்கும் அடுத்த ‘தரட்டுமா’வுக்கும் நடுவில்தான் ஓடியது.

உதவிக்குக் கெங்குவார்பட்டியிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். கூடப் பிறந்த பாசம் அதிகம், சத்தமும் அதிகம். மருந்துக் கடைக்காரர் அவளிடம் “இது கால்சியத்தத் தடுக்குற மாத்திரை” என்று சொல்லிவிட்டார். கால்சியம் என்றால் சுண்ணாம்புச் சத்து என்று அக்காவுக்குத் தெரியும். சுண்ணாம்பு ஆகாதென்று மாத்திரையே சொல்லும்போது நாம் சும்மா இருப்பதா? பாலை நிறுத்தினாள். கேப்பைக் கூழை நிறுத்தினாள். வெற்றிலைத் தட்டை எடுத்துப் பரணில் போட்டாள். திருவிழா வருகிறதென்று வெள்ளையடிக்க வந்த ஆளையும் வாசலிலேயே மறித்தாள்.

“அங்கனயே நில்லு! என் தம்பிக்குச் சுண்ணாம்பே ஆகாது.”

“நான் செவத்துக்குத்தானத்தா அடிக்க வந்தேன், உன் தம்பிக்கா அடிக்கப் போறேன்?” என்றார் அவர். மட்டையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு முனகியபடியே போய்விட்டார்.

அந்த வாரத்தில்தான் நான் விழுந்தேன். கொல்லைப்பக்கம் போக வேண்டியிருந்தது. அதற்கு மதினி கையைப் பிடித்துக்கொண்டு போக எனக்கு வெட்கம். யாரையும் கூப்பிடாமல் சட்டென்று எழுந்தேன். திராட்சைப் பந்தல் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தது. சுவரைப் பிடித்தேன், சுவரும் கூடவே வந்தது. மதினி ஓடிவந்து முதுகைத் தாங்கிக்கொண்டதால் தலை தரையில் படவில்லை.

“இந்த மாத்திரைதான் ஆளச் சாய்க்குது, நிப்பாட்டித் தொலைங்க!” என்று அக்கா கத்தினாள்.

“குடுக்கக் கேட்ட மாதிரி நிப்பாட்டவும் கேக்கணும்லக்கா,” என்றார் மதினி.

ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தார். குறைந்திருந்தது. அடுத்த வேளை வருவதற்குள் மதினி தபாலாபீசுக்குப் போய், மதுரைக்கு டிரங்க்கால் போட்டு, டாக்டர் கிடைக்கிற வரைக்கும் அங்கேயே இருந்து பேசிவிட்டு வந்தார். வரும்போது முகத்தில் வெயிலும் சிரிப்பும்.

“மாத்திரைய நிப்பாட்ட வேணாமாம். ரெண்டாக் குடுக்காம, ரெண்டு மணிக்கு ஒருக்க ஒண்ணு ஒண்ணாக் குடுக்கச் சொன்னாக. தெனமும் பிரஷர் பாத்துச் சொல்லணுமாம். சுண்ணாம்பு விசயத்தையும் கேட்டேன். டாக்டரு போனுலயே சிரிச்சாக. குழாய்ச் சதைக்குள்ள கால்சியம் போறதத்தான் மாத்திரை மறிக்குதாம். வயித்துக்குள்ள போற பாலுக்கும் கேப்பைக்கும் அதுல ஒண்ணுமில்லையாம். பொயிலை மட்டும் ஆகவே ஆகாதாம்.”

“செவுரு?” என்றாள் அக்கா.

“செவுர நான் கேக்கலக்கா. கேக்க வெக்கமா இருந்துச்சு.”

மதினி ஒன்றைக் கேட்க வெட்கப்பட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

நாலு மணிக்கொருமுறை எழுந்தவர் இனி இரண்டு மணிக்கொருமுறை எழ வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டார்.

“இனிமே எந்திரிக்கணும்னா எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் எந்திரிக்கணும்.”

“எந்திரிக்கட்டுமா மதினி?”

“மொதல்ல ஒருச்சாஞ்சு படுங்க. ம். இப்ப உக்காருங்க. காலத் தொங்கப் போடுங்க. கிறுகிறுன்னு வருதா? வரலையா? அப்பக் கொஞ்சம் மலையப் பாத்துக்கிட்டு இருங்க. ம்… இப்ப எந்திரிங்க.”

சன்னல் வழியே மலை தெரியும். அதன் தலையில் மேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். மதினி சொல்கிற அந்த ‘ம்’ வருவதற்குள் மேகம் ஒரு மடிப்பைத் தாண்டிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் என் மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. ஏழு வயதுப் பிள்ளை. இரண்டாம் நாள் கழுத்திலும் முதுகிலும் முத்து முத்தாய்ப் போட்டது. அக்கா பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஆத்தா வந்துட்டா!”

எனக்குச் சிறு வயதிலேயே அம்மை போட்டிருந்ததால் என்னைத் தொற்றும் பயம் பெரிதாக இல்லை என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் வீட்டு வழக்கம் வேறு. அம்மை போட்டிருக்கும் வீடு, வீடு இல்லை, கோயில். வாசலில் வேப்பங்குலை செருகிவிட்டால் தாளிப்பு இல்லை, வெளியாள் நுழைவதில்லை, இங்கிலீஷ் மருந்து வாசற்படி ஏறக் கூடாது. ஏறினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும், அது படுத்திருக்கும் பிள்ளை மேல்தான் இறங்கும். நானும் அப்படி நம்பித்தான் வளர்ந்தேன். என் கடையில் அம்மை போட்ட வீட்டுக்காரர் யாராவது காய்ச்சல் மாத்திரை கேட்டால் நானே கொடுத்ததில்லை.

மகளை என் அறையிலேயே, எதிர்ச்சுவர் ஓரமாக வேப்பிலை பரப்பிய பாயில் படுக்க வைத்தார்கள். காற்று வருகிற இடம் அது ஒன்றுதான்.

“அப்ப மாத்திரைய என்ன செய்ய?” என்று என் மனைவி கேட்டது என் காதில் விழுந்தது. “அவரையாச்சும் வேற வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோமா?”

“ஆத்தா வந்த வீட்ட விட்டு ஆளு வெளிய போறதும் ஆகாது,” என்றாள் அக்கா. “எனக்கு மட்டும் என் தம்பி மேல பாசம் இல்லையா? ரெண்டு மணிக்கொருக்க ஆத்தா மூக்குக்கு முன்னால மாத்திரையப் பிரிச்சா அவ சும்மா இருப்பாளா? பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு சொல்றது? பூப் போட்டுக் கேட்ருவோம். வெள்ளை வந்தாக் குடுப்போம்.”

சிவப்பு வந்தால் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். என்னையே கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் கிடப்பது என் பிள்ளை.

அக்கா அரளி பறித்து வந்து கட்டினாள். வெளியிலிருந்து குழந்தையைக் கூப்பிட முடியாது. அதனால் என் மகளையே எடுக்கச் சொன்னாள்.

“ஆத்தா அவ மேலதான எறங்கியிருக்கா. அவ எடுத்தா ஆத்தாளே எடுத்த மாதிரி. ஏத்தா, எந்திரிச்சு உக்காருத்தா. இதுல ஒண்ணு எடு.”

தட்டில் இரண்டு பொட்டலம். முத்துப் போட்ட சின்னக் கை மெல்ல நீண்டது. அப்போது மதினி செம்பும் மாத்திரையுமாக உள்ளே வந்தார். வேளை ஆகிவிட்டிருந்தது.

வந்தவர் தட்டைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார். பிள்ளையின் கைக்கு முந்தி இரண்டு பொட்டலத்தையும் எடுத்து, படத்துக்கு மேலே உள்ள பலகையில் வைத்துவிட்டார். பிரிக்கவில்லை.

“என்னத்தா இது?” என்றாள் அக்கா. “ஒரு கறியாப்பிலை ஒடிக்க உத்தரவு கேக்குறவ நீ. இதுக்குக் கேக்க மாட்டியா?”

“மாட்டேன்க்கா.”

“ஏன்?”

“கறியாப்பிலை இல்லன்னா ரசத்த அப்படியே எறக்கிரலாம். இதுக்குக் கூடாதுன்னு வந்தா நான் மாத்திரைய நிப்பாட்டவா போறேன்? கேட்டுட்டு மீறுறதுக்குக் கேக்காமயே இருந்துக்கிறேன்.” செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: “இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்கிறாதீக. அந்தப் பிள்ளை கையில அவுக அப்பா உசுரக் குடுக்காதீக. செவப்ப எடுத்துட்டா அது காலம் பூராவும் எடுத்துக்கிட்டே இருக்கும்.”

என் கட்டிலுக்கு வந்தார். அன்றைக்கு “தரட்டுமா” என்று கேட்கவில்லை.

“வாயத் தெறங்க,” என்றார்.

நான் அப்போது கண்டதைச் சொல்கிறேன். மூளையில் அடிபட்டவன் கண்டது என்று நீங்கள் நினைத்தாலும் சரி. என் கட்டிலுக்கும் மகள் பாய்க்கும் நடுவில் மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வேப்பிலை வாசமும் திராட்சைப் பூ வாசமும் ஒன்றாய் வந்தது. ஒரு கை பிள்ளையின் நெற்றியில் இருந்தது. வீட்டுப் பெண்கள் வாக்குவாதம் செய்யும்போது வந்த விருந்தாளி என்ன செய்வாள்? அதைத்தான் அவளும் செய்தாள். வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே தெருவில் ஏதோ பார்க்க இருக்கிறது என்பதுபோல, வெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாத்திரை என் தொண்டைக்குழியைத் தாண்டி இறங்கிய பிறகுதான் திரும்பினாள். கோபம் இல்லை. கொஞ்சம் சிரிப்பு இருந்ததோ என்னவோ.

அதற்குப் பிறகு இரண்டு மணிக்கொருமுறை அப்படியே நடந்தது. மதினி வருவார். “வாயத் தெறங்க” என்பார். அக்கா கொல்லைக்குப் போய்விடுவாள். படத்துக்கு விளக்கேற்றும்போது அவள் கை சில நாள் பலகை வரைக்கும் போகும். பொட்டலத்தைத் தொடாமலே திரும்பிவிடும். அவளுக்கும் பார்க்கப் பயம். மதினி கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்துகொண்டு வந்தது. மகள் கொஞ்சம் சிணுங்கினால்கூட அவர் முகம் வெளுத்துவிடும். ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். கேட்காமல் செய்வது அவருக்கு எத்தனை பாரம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் டைம்பீஸ் அடிப்பதற்கு முன்னால் செம்போடு வந்துவிடுவார்.

பிள்ளைக்கு முத்து வாடி உதிர்ந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட வெந்நீர், முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, மூன்றாம் தண்ணி ஊற்றினார்கள். என் மாத்திரையும் இருபத்தோராம் நாளோடு முடிந்தது. வலது கையில் இலேசாக ஒரு தடுமாற்றம் மட்டும் தங்கிவிட்டது. பேச்சு போகவில்லை. பொட்டலம் கட்டும்போது நூல் நழுவும், அவ்வளவுதான். கடைக்குப் போனேன்.

கொஞ்ச நாள் கழித்து, டாக்டரிடம் காட்டிவிட்டு மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, வீரபாண்டியில் இறங்க வேண்டும் என்றார் மதினி. அங்கே கோயிலில் ஆத்தாளைக் கும்பிட்டோம். பிறகு அவர் முல்லையாற்றுப் படியில் இறங்கிப் போனார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அந்த இரண்டு பொட்டலங்களும் இருந்தன. வாழை இலை சுருங்கிக் கறுத்திருந்தது, நார் மட்டும் அவிழவில்லை.

“பிரிச்சுப் பாக்கலையா மதினி?”

“இதுல பாக்க என்ன இருக்கு? ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு. அக்கா கட்டுனதுதான.”

தண்ணீரில் விட்டார். இரண்டும் ஒட்டினாற்போல் கொஞ்சதூரம் போயின. அவர் அதையே பார்த்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார்.

“ஒங்க அண்ணன் மலைக்குப் போகையில பூப் போட்டுக் கேட்டேன். வெள்ளைதான் வந்துச்சு.”

பொட்டலங்கள் ஆற்று வளைவில் மறைந்தன.

“அவ பொய் சொல்லல கொழுந்தனாரே. நான் போகலாமான்னு கேட்டேன். போகலாம்னா. திரும்பி வருவாகளான்னு நான் கேக்கல.” முகத்தில் தண்ணீரை அள்ளி விட்டுக்கொண்டார். “அன்னையிலருந்து ஆளுக்குக் கேக்குறதில்ல. எலைக்குக் கேப்பேன், சேலைக்குக் கேப்பேன், மிக்சிக்குக் கேப்பேன். ஆளுக்குக் கேக்க மாட்டேன்.”

அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. என் மகள் பிறக்கும்போதும், அக்கா மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பும்போதும் பூப் போடச் சொல்லிக் கேட்டோம். ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிட்டார். அப்போது புரியவில்லை.

படியிலிருந்து எழுந்தார். ஆற்றைப் பார்த்து, “போயிட்டு வரட்டுமா தாயி?” என்றார். வழக்கம்போல நின்றார். ஆறு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எந்த அசைவை உத்தரவென்று எடுத்துக்கொண்டாரோ, கொஞ்ச நேரத்தில் படியேறி வந்தார். அதற்குள் தேவாரம் பஸ் போய்விட்டது.

மதினி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அம்மை போட்டபோது என் மகளுக்கு இருந்த வயதில் இப்போது அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. கறிவேப்பிலை மரத்தில் இப்போது எல்லோரும் கேட்காமல்தான் ஒடிக்கிறார்கள், அது குட்டையாகிவிட்டது. எனக்கு மட்டும் ஒரு பழக்கம் போகவில்லை. விடிந்து கண் விழித்ததும் ஒருக்களித்துப் படுக்கிறேன். பிறகு உட்கார்கிறேன். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சன்னலில் மலையைப் பார்க்கிறேன்.

“எந்திரிக்கட்டுமா மதினி?”

வீட்டில் உள்ளவர்கள் கேட்டால் கிழவனுக்குப் பழைய அடி திரும்பிவிட்டது என்பார்கள். அதனால் சத்தமில்லாமல்தான் கேட்கிறேன். மேகம் ஒரு மடிப்பைத் தாண்டுகிற வரைக்கும் காத்திருக்கிறேன். அப்புறந்தான் எழுகிறேன்.